வேலை பிடித்திருக்கிறது, பேச்சுதான் தாங்கவில்லை. விட்டுவிடலாமா?

புதுவயல்_பில்கவுண்டர்

வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படிக்க மட்டும் வருகிறவள், முதல் தடவையாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஊர் புதுவயல். காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன், ராத்திரி கல்லாக் கணக்கு முடித்துக் கொடுப்பதும் நான்தான். ஆறு வருஷம் நாலு மாசம் ஆகிறது. எந்தக் கடை என்று கேட்காதீர்கள்.

வேலை எனக்குப் பிடிக்கும். கூட்டம் நெரிகிற நாளில்கூட ராத்திரி ரொக்கம், கார்டு, ஜிபே எல்லாம் கூட்டிப் பில் தொகையோடு வைத்துப் பார்த்தால் ஒரு ரூபாய் பிசகாமல் நிற்கும், அந்த நிம்மதிக்காகவே இத்தனை வருஷம் ஓடிவிட்டது. பெரிய முதலாளி கடையில் உட்கார்ந்தவரை பிரச்சினையே இல்லை. அவரும் கோபக்காரர்தான். ஆனால் தப்பு செய்தால் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டுத் திட்டுவார், வெளியே வந்ததும் "சாப்பிட்டியாத்தா" என்று கேட்பார். இப்போது இரண்டு வருஷமாகச் சின்ன முதலாளி.

இவர் அடிப்பதில்லை, கெட்ட வார்த்தை பேசுவதில்லை, சம்பளம் முதல் தேதி வந்துவிடும். அதனால்தான் யாரிடம் சொன்னாலும் "இதெல்லாம் ஒரு பிரச்சினையா" என்கிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், சொடக்குதான். காலையில் வணக்கம் சொன்னால் போனைப் பார்த்தபடி போய்விடுவார். நான் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு ஆளிடம் பேச ஆரம்பிப்பார். கடையில் நிற்கிற பிள்ளைகளுக்கு உட்கார ஸ்டூல் போட வேண்டும் என்று அரசு சட்டம் போட்டதும் நாலு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிப் போட்டார்கள். இப்போது அந்த நாலின் மேலும் ஜாக்கெட் துணிக் கட்டு அடுக்கியிருக்கிறது. யாராவது கட்டை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தால் "என்ன, கல்யாண வீட்டுக்கு வந்திருக்கியா" என்பார்.

போன வாரம் ஆடித் தள்ளுபடிக் கூட்டம். ஒரு அம்மா இரண்டு கண்டாங்கிச் சேலை எடுத்திருந்தார், பில்லில் தள்ளுபடி விழவில்லை. புதுச் சரக்குக்கு விலை மாற்றி ஏற்றுவது சின்ன முதலாளி வேலை, அவர் ஏற்றவில்லை. கூப்பிட்டேன். வந்து என் கையிலிருந்து பில்லைப் பிடுங்கி, அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "மூளைய வீட்டுல கழட்டி வச்சுட்டு வந்துடுதுக" என்றார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. என்னைப் பற்றி அவரிடம் சொன்னார், அதுவும் "துக". அந்த அம்மா என் மகள் பள்ளிக்கூடத்து டீச்சர். அவர் தலையைக் குனிந்துகொண்டு சேலையின் கரையைத் தடவிக்கொண்டே நின்றார். அன்று ராத்திரி கணக்கில் 340 ரூபாய் துண்டு விழுந்தது. ஆறு வருஷத்தில் இவ்வளவு விழுந்ததே இல்லை. பஸ்ஸில் கண்டனூர் தாண்டும்போதே போனில் ராஜினாமாக் கடிதம் அடித்து வைத்துவிட்டேன், காரணம் என்ற இடத்தில் மட்டும் "சொந்தக் காரணம்" என்று போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்காரர் அரிசி ஆலையில் இருக்கிறார், அவர் சம்பளம் மட்டும் போதாது. நான்தான் சின்ன விஷயத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேனா? விட்டால் கையில் ஏதாவது பணம் வருமா?

கானாடுகாத்தான்_பெரியவர்

ஆத்தா, உன் வருத்தம் புரிகிறது. எனக்கு 71 வயது, பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் ஐயா, அதாவது அப்பச்சியின் அப்பா, பன்னிரண்டு வயதில் பர்மாவுக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது கடைசி நிலை எடுபிடியாக, கப்பல் ஏறியவர். கிட்டங்கியில், அதாவது வட்டிக்கடை நடக்கிற கட்டடத்தில், விடியுமுன்னே எழுந்து கூட்டிப் பெருக்கி, பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேரேடு எழுதப் பழகி, காலணா விடுபட்டால் கடையை நடத்துகிற மேலாள் வாயில் வருவதையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு வளர்ந்தவர். ஒரு கணக்கு என்றால் மூன்று வருஷம், அது முடியாமல் ஊர் திரும்ப முடியாது. அப்படித்தான் பெட்டியடி, மேலாளுக்கு அடுத்த நிலையான அடுத்தாள் ஆனார், அடுத்தாள் மேலாள் ஆனார். பேச்சுக்கெல்லாம் வேலையை விட்டால் எந்த இடத்திலும் நிலைக்க முடியாது. சின்னப் பையன், முதலாளி ஆகி இரண்டு வருஷம்தானே ஆகிறது, போகப் போகச் சரியாகிவிடுவார். பொறுத்துக்கொள்.

வார்டு_அக்கா

தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரு டாக்டர் வள்ளென்று விழுகிறவர் என்றால், ராத்திரி பத்து மணிக்கு அவர் எழுதிய மருந்தின் அளவில் சந்தேகம் வந்தாலும் போன் செய்யக் கை வராது. மற்ற டாக்டர் என்றால் உடனே கேட்டுவிடுவோம். இதைச் சின்ன விஷயம் என்று யாரும் சொல்லாதீர்கள்.

தேவகோட்டைப்பெண்

சொந்த ஊர் தேவகோட்டை, மதுரையில் ஒரு நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். வேலையை விட்டுப் போகிறவர்களிடம் கடைசி நாளில் உட்கார்ந்து ஏன் போகிறீர்கள் என்று கேட்பது என் வேலையில் ஒரு பாகம்.

முதல் கேள்விக்கு முதல் பதில்: இல்லை தங்கச்சி, நீ பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நீ சொன்ன சொடக்கு, முகத்தைத் திருப்புவது, மூன்றாவது ஆளிடம் மட்டமாகப் பேசுவது, இவற்றை ஆராய்ச்சி செய்கிறவர்கள் ஒரு தனி வகையாகவே வைத்திருக்கிறார்கள். ஆண்டர்சன், பியர்சன் என்ற இருவர் 1999-ல் இதற்கு வரையறை எழுதினார்கள். கடுமை குறைந்த மரியாதைக்கேடு, காயப்படுத்தத்தான் செய்தாரா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியாதது. அந்தக் கடைசிப் பகுதிதான் விஷமே. அடித்தால் அடித்தார் என்று சொல்லலாம். சொடக்குப் போட்டார் என்று யாரிடம் போய்ச் சொல்வது? "அவர் சுபாவம் அப்படி" என்று முடித்துவிடுவார்கள், பிறகு ராத்திரி முழுக்க நம் மேல்தான் தப்போ என்று நாமே விசாரணை நடத்திக்கொண்டிருப்போம். நீ இங்கே கேட்டதும் அதைத்தானே.

இது அபூர்வமும் இல்லை. லில்லியா கோர்ட்டினாவும் கூட இருந்தவர்களும் அமெரிக்காவில் 1,180 அரசுத் துறை ஊழியர்களைக் கேட்டு 2001-ல் எழுதினார்கள், 71 சதவீதம் பேர் முந்தைய ஐந்து வருஷத்தில் இதை அனுபவித்திருந்தார்கள். அடிக்கடி அனுபவித்தவர்களுக்கு வேலையில் திருப்தி குறைந்திருந்தது, விலகும் எண்ணம் கூடியிருந்தது. போராத், பியர்சன் இருவரும் 2013-ல் 17 துறைகளில் 800 பேரிடம் கேட்டதை எழுதினார்கள். மரியாதைக் குறைவுக்கு ஆளானவர்களில் 48 சதவீதம் பேர் வேண்டுமென்றே உழைப்பைக் குறைத்துக்கொண்டதாகச் சொன்னார்கள், 80 சதவீதம் பேர் அதையே நினைத்து நினைத்து வேலை நேரத்தை இழந்தார்கள், 12 சதவீதம் பேர் அதற்காகவே வேலையை விட்டார்கள்.

அந்த 12-ஐப் பாருங்கள். விட்டுப் போனவர் 12 என்றால் மீதிப் பேர் அங்கேயே இருக்கிறார்கள், மனசை மட்டும் வெளியே எடுத்துவிட்டு. முதலாளிக்குப் போனவன் மட்டும்தான் கண்ணில் படுகிறான். வேலையை விடுவது ஒரே நாளில் நடப்பதில்லை என்று வில்லியம் மோப்லி 1977-லேயே படி படியாக எழுதியிருக்கிறார். மனசு கசப்பது, விடலாமா என்ற நினைப்பு, வேறு இடம் தேடலாமா என்ற நினைப்பு, தேடல், ஒப்பிட்டுப் பார்ப்பது, அப்புறம்தான் கடிதம். நீ போனில் கடிதம் அடித்த அன்று பாதிப் படி இறங்கியாகிவிட்டது.

பெரியவருக்கு மரியாதையோடு ஒன்று. ஐயா சொன்ன கிட்டங்கியில் மூன்று வருஷம் என்று ஒரு முடிவுத் தேதி இருந்தது, முடிந்தால் அடுத்தாள், அதற்கு மேல் மேலாள் என்று ஏணியும் இருந்தது. இந்தத் தங்கச்சி வாங்குகிற சொடக்குக்கு முடிவுத் தேதி எது? பில் கவுண்டருக்கு மேலே ஏணி எங்கே?

பண விஷயம் கேட்டாய், அதைத் தனியாக எழுதுகிறேன், நிதானமாகக் கணக்குப் போட வேண்டும்.

செக்காலை_கடைக்காரர்

நானும் கடை வைத்திருக்கிறேன், ஜவுளி இல்லை. எல்லாரும் முதலாளியை வில்லனாக்குவதால் எழுதுகிறேன். காலை ஒன்பதிலிருந்து ராத்திரி பத்துவரை நிற்கிறோம். சரக்குக் கொடுத்தவன் பாக்கி கேட்டுக் கத்துவான், வாடிக்கையாளர் ஒருமையில் பேசுவார், பேங்கில் வட்டி ஏறிக்கொண்டிருக்கும். அதற்கு நடுவில் ஒரு பையன் தப்பான பெட்டியை எடுத்துக் கொடுத்தால் வாயில் வந்துவிடுகிறது. மனசில் ஒன்றும் கிடையாது. இதற்கெல்லாம் விட்டுப் போகிறேன் என்றால் கடை நடத்துவது எப்படி? ஏற்கெனவே ஆள் கிடைப்பதில்லை. இருக்கிற பையன்கள் எல்லாம் திருப்பூர் போய்விட்டார்கள்.

திருப்பூர்க்காரன்_இப்போது

அண்ணே, அந்தத் திருப்பூர் போன பையன்களில் நானும் ஒருவன், ஊர் கல்லல் பக்கம். கல்யாணச் சமையல் குழுவில் நாலு வருஷம் இருந்தேன். வெள்ளைப் பணியாரம் மாவு பதம் எனக்குக் கைவந்த வேலை, நான் கரைத்தால் ஓரம் கருகாமல் நடு உப்பி எழும். அந்த மாஸ்டர் என்னிடம் ஒரு தடவைகூட நல்லா இருக்கு என்று சொன்னதில்லை, சரி, அது போகட்டும். ஒரு கல்யாணத்தில் பந்தி நடக்கும்போது சாம்பார் வாளி கொஞ்சம் சிந்தியதற்குப் பெண் வீட்டார் முன்னால் "சோத்துக்கு வந்த நாய்" என்றார். நான் அன்றைக்குப் பந்தி முடித்து, பாத்திரம் கழுவி, வண்டியில் ஏற்றிக் கொடுத்துவிட்டுத்தான் போனேன். மறுநாள் போன் செய்து "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை" என்றேன். அவர் இன்றுவரை அதைத்தான் நம்புகிறார். இங்கே கூடுதலாக வருகிற சம்பளம் ரூம் வாடகைக்கே சரியாகப் போகிறது. காசுக்கு வந்தேன் என்று ஊரில் பேசுகிறார்கள், பேசட்டும்.

ஆத்தங்குடி_பட்டறை

கடைக்காரர் அண்ணனுக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நானும் அந்தப் பக்கத்து ஆள்தான். தரையில் பதிக்கிற பூக்கல் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன், அப்பா காலத்திலிருந்து.

எங்கள் வேலை எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, அச்சின் ஒவ்வொரு அறையிலும் சாயம் கலந்த சிமெண்டுக் கரைசலைச் சின்னக் கரண்டியால் ஊற்ற வேண்டும். பிறகு அச்சை நேர் மேலாகத் தூக்க வேண்டும். தூக்கும்போது கை ஒரு நூல் ஆடினால் சிவப்பு மஞ்சளுக்குள் இறங்கிவிடும், அந்தக் கல் போச்சு. அதுவும் உடனே தெரியாது, பின்னால் சிமெண்டு மணல் போட்டு அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறி, காய்ந்து, கண்ணாடியிலிருந்து பிரிக்கும்போதுதான் முகம் தெரியும். மிஷின் கிடையாது, எல்லாம் கைதான். கை மனசைக் கேட்டுத்தான் ஆடும்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் என்னிடம் ஒருவர் இருந்தார், என்னைவிட ஐந்து வயது மூத்தவர். பெரிய வீடு ஒன்றைப் புதுப்பிக்கிற ஆர்டர், நாள் நெருக்கடி. ஒரு நாள் பத்துப் பதினைந்து கல் கலங்கி வந்தது. வாங்க வந்தவர்கள் நிற்கும்போதே அவரை "கண்ணு அவிஞ்சு போச்சா" என்று கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த பத்து நாளும் பட்டறையில் கலங்கிய கல் கூடிக்கொண்டே போனது, அவருடையது மட்டும் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து ஊற்றிய இரண்டு பையன்களுடையதும். அவர்களை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனாலும் நான் பின்னால் நடந்து போனாலே கரண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். மாசக் கடைசியில் பெரியவர் "பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை" என்று நின்றுவிட்டார். மூன்று மாசத்தில் ஒரு பையனும் போனான். பெரியவர் வேறு பட்டறையில் சேர்ந்துவிட்டார் என்று எனக்கு அடுத்த பொங்கலுக்குத்தான் தெரியும். வெட்கமாக இருந்தது, இன்றைக்கும் அவரை நேரில் பார்த்தால் என்னால் கண்ணைப் பார்த்துப் பேச முடியவில்லை. அவர் கைக்கு இணையான கை எனக்கு இன்னும் அமையவில்லை அண்ணே. மனசில் ஒன்றும் கிடையாது என்றுதான் நானும் அப்போது சொன்னேன். நம் மனசில் இல்லாதது அவர் மனசில் ஏறிவிட்டது.

தப்பைச் சொல்லாமல் கடை நடத்த முடியாது, சரிதான். நான் இப்போது செய்வது ஒன்றுதான். கலங்கிய கல்லை அவர் முன்னால் வைத்து, "இது எங்கே இறங்கியிருக்கு பாருங்க" என்று கல்லைப் பற்றி மட்டும் பேசுவேன், வெளி ஆள் இருந்தால் அதுவும் பேச மாட்டேன், அவர்கள் போன பிறகுதான்.

தேவகோட்டைப்பெண்

பட்டறை அண்ணே, நீங்கள் சொன்ன கை ஆடுவதை ஆஸ்பத்திரியில் வைத்தே பார்த்திருக்கிறார்கள். வார்டு அக்காவும் படியுங்கள். இஸ்ரேலில் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் 24 குழுக்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள், 2015-ல் வெளிவந்தது. குழந்தைக்கு உடம்பு மோசமாகிறது, கண்டுபிடித்துச் சிகிச்சை செய்ய வேண்டும். சில குழுக்களிடம் மட்டும், வெளிநாட்டு நிபுணர் என்று சொல்லப்பட்ட ஒருவர் அவர்கள் நாட்டு மருத்துவத் தரத்தைப் பற்றி லேசாக மட்டம் தட்டிப் பேசினார். கத்தவில்லை, அவர்கள் செய்த வேலையைக் குறை சொல்லவும் இல்லை. அந்தக் குழுக்களுக்கு நோயைக் கண்டுபிடிப்பதும் குறைந்தது, கையால் செய்கிற சிகிச்சையின் தரமும் குறைந்தது, ஒருவருக்கொருவர் தகவல் சொல்வதும் உதவி கேட்பதும் குறைந்தது. 340 ரூபாய் துண்டு விழுந்ததற்கும் இதுதான் காரணமாக இருக்கும் தங்கச்சி, உன் மூளை வீட்டில் இல்லை, அந்த வார்த்தையிடம் மாட்டிக்கொண்டிருந்தது.

இப்போது பணம். ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவர், பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கிற கடையில், தானே ராஜினாமா செய்தாலும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. கணக்கு இதுதான்: கடைசி மாச அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் கூட்டி, 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வருஷத்தால் பெருக்கணும். உனக்கு அது 12,000 என்று வைத்தால் வருஷத்துக்கு 6,923 ரூபாய், ஆறு வருஷத்துக்கு 41,538. ஆனால் ஆறு மாசத்துக்கு மேற்பட்ட துண்டு மாசங்களை முழு வருஷமாக எடுத்துக்கொள்வார்கள். உனக்கு இப்போது ஆறு வருஷம் நாலு மாசம். இன்னும் இரண்டு மாசமும் சில நாளும் தாண்டினால் ஏழு வருஷக் கணக்கு, 48,461. அந்த 6,923 ரூபாயை இன்றைய கோபத்தில் விட்டுவிடாதே. எழுதிக் கேட்க வேண்டும், 30 நாளுக்குள் அவர்கள் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் தொழிலாளர் துறையில் மனுப் போடலாம். தீபாவளி போனஸும் போன வருஷத்து உழைப்புக்குத்தான், அதுவும் உன் பணம்.

ஸ்டூலுக்குச் சட்டம் இருக்கிறது, தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்திக் கொண்டுவந்தது. கட்டு அடுக்கி வைத்தால் அது இருக்கை ஆகாது, புகார் செய்யலாம். பாலியல் தொல்லைக்கு 2013 சட்டமும் உள்ளகக் குழுவும் உண்டு, பட்டியலினத்தவரைச் சாதி சொல்லித் திட்டினால் 1989 சட்டம் உண்டு. சொடக்குக்கும் "துக"வுக்கும் மட்டும் தனிச் சட்டம் இல்லை. அதனால்தான் போகிறவர்களாவது காரணத்தை உள்ளபடி எழுத வேண்டும் என்று நான் தலைபாடாக அடித்துக்கொள்கிறேன். என் எதிரில் உட்கார்ந்து "சொந்தக் காரணம்" என்று சொன்னவர்களில் பலர் கதவு வரை போய், திரும்பி நின்று, "உங்க மேனேஜர்கிட்ட மட்டும் கொஞ்சம் சொல்லுங்க மேடம்" என்று ஆரம்பிப்பார்கள்.

கானாடுகாத்தான்_பெரியவர்

இரண்டு நாளாக இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஐயாவின் கதையை நான் முழுசாகச் சொல்லவில்லை. முதல் கணக்கு முடிந்து ஊருக்கு வந்தவர், திரும்ப அதே விலாசத்துக்கு, அதாவது அதே முதலாளியின் கடைக்கு, போகவில்லை. வேறு விலாசத்தில்தான் அடுத்தாள் ஆனார். வீட்டில் எங்களிடம் சொன்ன காரணம், அந்த ஊர்த் தண்ணீர் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பது. இரண்டாவது இடமும் பர்மாதான், அதே தண்ணீர்தான். எழுபது வருஷமாக இதை நான் யோசித்துப் பார்த்ததில்லை. ஆத்தா, பொறுத்துக்கொள் என்று சொன்னதை எடுத்துக்கொள்ளாதே.

செக்காலை_கடைக்காரர்

பட்டறைக்காரர் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். ஒரு பையன் போன மாசம் நின்றான், அம்மாவுக்கு முடியவில்லை என்றான். அவன் அம்மாவை நேற்று கொப்புடையம்மன் கோயிலில் பார்த்தேன், நன்றாக நடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

புதுவயல்_பில்கவுண்டர்

மூன்று மாசம் கழித்து வருகிறேன். எல்லாருக்கும் நன்றி. வார்டு அக்கா சொன்னது இங்கேயும் அப்படியே, விலை ஏறாத சரக்கு வந்தால் முன்பு கேட்பேன், இப்போது நாங்கள் யாரும் கேட்பதில்லை, பில்லில் வருவது வரட்டும் என்று போட்டுவிடுகிறோம்.

ஒரு தடவை பேசிப் பார்த்தேன். ராத்திரி ஷட்டர் பாதி இறக்கிய பிறகு, கணக்குத் தாளைக் கொடுக்கும்போது, "தப்பு இருந்தா எங்கிட்ட சொல்லுங்க, வந்தவங்ககிட்ட என்னையப் பத்திச் சொல்லாதீங்க" என்றேன். கை நடுங்கியது, ஆனால் சொல்லிவிட்டேன். அவர் தாளை வாங்கிக்கொண்டு சரி என்றார். ஐந்து நாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஆறாவது நாள் கூட்டம், திரும்பவும் சொடக்கு. தீபாவளி முடிந்தது, போனஸ் வாங்கிவிட்டேன், ஆறு வருஷம் ஏழு மாசமும் தாண்டிவிட்டது. கண்டனூரில் ஒரு மருந்துக்கடையில் கணக்கு எழுதக் கேட்டிருக்கிறார்கள், 800 ரூபாய் குறைவு. பேசப் போனபோது அந்த அண்ணன் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

கடிதத்தில் காரணம் என்ற இடத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "வேலையிலோ சம்பளத்திலோ எனக்குக் குறையில்லை. வாடிக்கையாளர் முன்னிலையில் மரியாதை இல்லாமல் பேசப்படுவதால் விலகுகிறேன்." தேவகோட்டை அக்கா, பிழை இருந்தால் சொல்லுங்கள், திங்கட்கிழமை கொடுக்கப் போகிறேன்.

தேவகோட்டைப்பெண்

வேலைக்குச் சேர்ந்த தேதியையும் கடைசியாக வேலை பார்க்கப் போகிற தேதியையும் மேலே எழுது, பணிக்கொடைக் கணக்குக்கு அது வேண்டும். இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள். காரணத்தில் ஒரு எழுத்தையும் மாற்றாதே.